சோலைச்சாமியின் பாக்கெட்

மம்சாபுரத்துச் சோலைச்சாமிக்கு முகம் சுளிக்கத் தெரியாது என்பார்கள். பாதி வயசு ஸ்டியரிங்கிலேயே கழிந்த மனுஷர். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி நடத்தும் விஜயபாண்டியின் வெள்ளைக் காரை அவர்தான் ஓட்டினார். அதே கம்பெனியில் அவர் மனைவி முத்தாத்தாள் துணி மடித்தாள். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ்ஸில் வருவார்கள். பொழுது சாய்ந்ததும் முதலாளி வீட்டு ஆணியில் கார் சாவியை மாட்டிவிட்டு ஒன்றாகவே திரும்புவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன விஜயபாண்டி, மூக்குமுட்டக் குடித்துவிட்டுப் பின்சீட் முழுக்க வாந்தி எடுத்துவைத்தான். சோலைச்சாமிதான் பினாயில் ஊற்றி, சீட்டு இடுக்கில் விரலை விட்டுக் கழுவினார். அன்றைக்குக்கூட அவருக்குக் குமட்டவில்லை. “வயிறுன்னு இருந்தா பெரட்டத்தான செய்யும்” என்று விட்டுவிட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கும் குமட்டுகிற காலம் வந்தது.

முதல் நாள் நன்றாக ஓடி நின்ற கார், மறுநாள் காலையில் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும். பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடந்தது. கம்பெனி வேனிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினார். அடுத்த நாளும் அதே கதை. புது பேட்டரி போட்டார்கள், அதுவும் ராத்திரியோடு ராத்திரியாகச் செத்தது.

விஜயபாண்டி யோசித்தான். அவன் யோசனை வேறு எங்கே போகும்? பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துணி மடிக்கும் ஹாலுக்கே சோலைச்சாமியைக் கூப்பிட்டான்.

“ஏலே சோலை, சாவி என் வீட்டுல தொங்குது. பொறவு எப்பிடிலே பேட்டரி எறங்குது? டூப்ளிகேட் சாவி வச்சிருக்கியா? ராத்திரி வந்து ஏசியப் போட்டுக்கிட்டு, எவளோடயாச்சும் உள்ள கெடக்கியா?”

தன்னைவிடப் பத்து வயது மூத்தவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி! அதுவும் அவர் பெண்டாட்டியை எதிரே வைத்துக்கொண்டு. மடித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

“பாக்கெட்டக் காட்டுலே.”

சோலைச்சாமி பேண்ட் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு கைக்குட்டையும் கசங்கிய பஸ் டிக்கெட்டும் விழுந்தன. விஜயபாண்டி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டான். சோலைச்சாமிக்குக் கோபம்கூட வரவில்லை. ஊசிப்போன குழம்பை வாயில் வைத்தது போல இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் முத்தாத்தாள் சொன்னாள். “நீங்க ராத்திரி வீட்டுலதான் படுத்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஹால்ல ‘ஒன் வீட்டுக்காரரு ராத்திரி வீட்டுல இருக்காராட்டி?’ன்னு கேட்டுச் சிரிக்காளுவளே, அவளுகளுக்கு யாரு சொல்லுவா?”

மறுநாளே சோலைச்சாமி ஆட்டோ எலக்ட்ரீஷியன் அன்சாரைக் கார் நிற்கும் ஷெட்டுக்குக் கூட்டிவந்தார். அன்சார் பானெட்டைத் தூக்கினார். கதவைத் திறந்து வைத்து, பூட்டு நாக்கை மட்டும் ஸ்குரூடிரைவரால் மடக்கிவிட்டார். கதவு சாத்தியிருக்கிறது என்று கார் நம்பவேண்டுமாம். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் கரண்டு அளக்கிற மீட்டரைக் கொடுத்தார்.

“செத்த நேரம் சும்மா விடுங்கண்ணாச்சி. வண்டி தூங்கட்டும்.”

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். கார் தூங்கியும் மீட்டர் தூங்கவில்லை.

“எம்புட்டு கரண்டு போவுது பாருங்க! ராத்திரி பூரா இப்படிக் குடிச்சா எந்த பேட்டரி தாங்கும்?”

அன்சார் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். மீட்டர் அசையவில்லை. அப்படியானால் ஃபியூஸ் பெட்டிக்கே போகாமல் பேட்டரியிலிருந்து நேராக ஏதோ ஒயர் போகவேண்டும். தேடிப் பிடித்தார்கள். கறுப்பு டேப் சுற்றிய மெல்லிய ஒயர் ஒன்று டாஷ்போர்டுக்குள் நுழைந்தது. கையை விட்டுத் துழாவிய அன்சார், “யப்பா, சுடுது!” என்று எதையோ வெளியே இழுத்தார்.

தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே சிம் கார்டு. பக்கவாட்டில் வீங்கிப் புடைத்திருந்தது. ஒயரைக் கழற்றியதும் மீட்டர் ஒன்றுமில்லாமல் இறங்கிவிட்டது.

“ஜிபிஎஸ்ணாச்சி. வண்டி எங்க போவுது, எங்க நிக்குதுன்னு போன்ல காட்டும். மட்டமான சரக்கு. உள்ள கெட்டுப்போயி பேட்டரியக் குடிச்சிருக்கு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜயபாண்டி தானே காரை மதுரைக்கு எடுத்துப் போனது சோலைச்சாமிக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. தன்னை வேவு பார்க்க அவன் வைத்த பெட்டி. அது செய்த கோளாறுக்கும் பழி தன் தலையில். சீ என்று வந்தது அவருக்கு. வாந்தியைக் கழுவிய விரல்களை இப்போதுதான் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

விஜயபாண்டி ஷெட்டுக்கு வந்தான். பெட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனால் ஒரு நொடிதான்.

“ஓ, இதா கோளாறு? நல்லதாப் போச்சு. அன்சாரு, புதுசா ஒசந்ததா ஒண்ணு வாங்கி, பேட்டரிய இழுக்காத மாதிரி மாட்டு. ஏலே சோலை, நீயே கூட நின்னு பாத்துக்க.”

“அன்னைக்கு ஹால்ல வச்சுக் கேட்டீங்க மொதலாளி. இன்னைக்கும் அங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“அம்புட்டுப் பேருக்கும் முன்னால நான் என்னலே சொல்லணும்? போ, போயி வேலையப் பாரு.”

அவன் அடிக்கிற சென்ட் வாசம்கூட அப்போது நாறியது. சோலைச்சாமி பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக ஹாலுக்குப் போனார். துணி மடிக்கும் மேசையில் அதை வைத்தார்.

“பேட்டரியக் குடிச்சது இதுதான் தாயீ. நான் எங்க போறேன்னு பாக்க மொதலாளி வச்சது.”

கார் சாவியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு யாரும் கேட்காமலே பேண்ட்டின் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துவிட்டு நின்றார்.

“போறவன்கிட்ட எதுவும் இல்ல. இன்னொருக்கப் பாத்துக்கோங்க.”

ஒருத்தியும் சிரிக்கவில்லை. முத்தாத்தாள் கையிலிருந்த துணியை மடித்து முடித்து அடுக்கில் வைத்தாள். எழுந்து வந்தாள். எல்லோரும் பார்க்க, வெளியே தொங்கிய பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட்டாள்.

“வாங்க, பஸ்ஸு போயிரும்” என்றாள்.