டிரையர் நின்ற பிறகு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்ன புண்ணியவானுக்கு, மூன்றே பேரை வைத்து ஒரு ராக் பேண்ட் நடத்திப் பார்க்கும் பாக்கியம் கிடைத்திருக்காது. கிடைத்திருந்தால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இதை மட்டும் சொல்லியிருப்பார். இடியக்காவைக் கேளுங்கள், சொல்லுவாள்.

கதவைச் சாத்துகிற வேகத்துக்காகத் தம்பி வைத்த பட்டப்பெயர் அது. சலவை நிலையம் நடத்துகிறாள். ஊர் விடுதிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அவளிடம்தான் வரும். டிரம்ஸ் வாசிப்பாள். தம்பி செல்போன் பழுது பார்ப்பவன். கிட்டாரும் பாட்டும் அவன். பேஸ் கிட்டார் அவள் கணவர். வெல்டர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர். பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு. அடுத்தவர் பாட்டை வாசித்துக் கைதட்டு வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு. அதனால் கைதட்டே வாங்காமல் பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

ஓடியதா, நொண்டியதா? தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போனான், பேண்ட் படுத்தது. அவன் திரும்பி வந்து கொஞ்ச நாளில் இவளுக்குக் குழந்தை பிறந்தது, மறுபடி படுத்தது. எழுந்த கையோடு, ஒரு பாட்டைச் சட்டென்று நிறுத்துவதா, மெல்லத் தேயவிட்டு முடிப்பதா என்று மாமனும் மச்சானும் முட்டிக்கொண்டார்கள். ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால் இவளைக் கேட்பார்கள். அந்தக் கூத்து இரண்டு வருஷம். ஒவ்வொரு தடவையும் கெஞ்சியும் திட்டியும் ஆளைச் சேர்த்தவள் இடியக்காதான்.

ஒத்திகை சலவை நிலையத்தின் பின்னறையில். ஞாயிறு மத்தியானம் கடைக்கு ஆள் வராது. ஆனால் விடுதிக்காரர்களின் விரிப்பு காய்ந்தாக வேண்டும், அதனால் அதே அறையில் பெரிய டிரையர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் உருளை ஒன்று தேய்ந்துபோய், சுற்றுக்கு ஒரு தடவை ‘தொம்’ என்று தரை அதிர அடிக்கும். பழகிப்போய் அது யார் காதிலும் விழுவதில்லை. அப்படித்தான் மூவரும் நினைத்திருந்தார்கள்.

போன மாதம் பூங்காவில்தான் முதன்முதலாக மேடை ஏறினார்கள். இரண்டாவது பாட்டிலேயே ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். கிட்டார் முன்னே, பேஸ் பின்னே, இவள் இருவரையும் துரத்திக்கொண்டு நடுவே. கூட்டத்தில் ஒருவர், “யாராவது ஒருத்தர் முதல்ல முடிங்கப்பா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தாளம் கெட்டால் பழி யார்மேல்? டிரம்ஸ் மேல்தான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதே,” என்றான் தம்பி மறுநாள். இப்படி ஆரம்பித்து நல்ல சேதி சொன்னவன் உலகத்தில் உண்டா? “அடுத்த மாசம் இன்னொரு சான்ஸ் தர்றாங்க. தாளத்துக்கு ரிதம் மெஷின் வெச்சுக்கலாம். நீ... மத்ததெல்லாம் பாத்துக்கோயேன்.”

“மத்ததுன்னா? ஒயர் சுத்தவா?”

கணவர் தரையைப் பார்த்தார். மூன்று தடவை விழுந்ததை மூன்று தடவையும் தூக்கி நிறுத்தியவளை வாசலில் உட்கார வைக்கப் பார்க்கிறார்கள்! போகிறேன் என்று சொல்லவில்லை, அழவும் இல்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

அந்த வாரம் கணவர் பின்னறையில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். விரிப்புகளை எடுக்க இவள் டிரையரை நிறுத்தினாள். நிறுத்தியதுமே அவர் விரல் தடுமாறியது. மறுபடி ஓடவிட்டாள், சரியாகிவிட்டது. மறுபடி நிறுத்தினாள். “என்ன விளையாட்டு இது?” என்றார். இவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்தான். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“சரிடா. வந்து நீ ஆடு, பாப்போம்.”

வந்தான். டிரையர் சுற்ற, பாட்டுப் பிரமாதமாகப் போனது. பாதியில் இடியக்கா இடது கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். வலது கையும் காலும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம்தான், கிட்டார் ஒரு பக்கம் சாய்ந்தது, பேஸ் இன்னொரு பக்கம். அவள் மட்டும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

“இத்தனை வருஷமா நீங்க என்னைக் கேக்கவே இல்லை. அந்த மெஷினைத்தான் கேட்டிருக்கீங்க,” என்றாள். “மேடையில உங்க பின்னாடி ஓடினேன் பாருங்க, அது என் தப்பு. இனி ஓட மாட்டேன். நீங்க வாங்க என் பின்னாடி.”

தம்பி டிரையரைத் திரும்பிப் பார்த்தான். “மறுபடி போடுக்கா, இன்னொரு தடவை பாக்கலாம்.”

“டிரையரையா? போட மாட்டேன்.”

அன்றிலிருந்து விடுதி விரிப்புகள் சனிக்கிழமையே காய்ந்தன. முதல் ஒத்திகையைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து போனது. கணவர் விரலைக் குனிந்து பார்த்தால், “இங்க பாருங்க!” என்று அதட்டல். தம்பி முந்தினால் அதே இடத்திலிருந்து மறுபடி. ஒருவழியாகப் பாட்டுகள் தேறின. ரிதம் மெஷின் பேச்சைத் தம்பி எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மறுபடி அதே பூங்கா, அதே மேடை. தம்பி கையில் மெஷின் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். கிட்டார் மட்டும் இருந்தது. அவன் மைக்கை ஸ்டாண்டோடு தூக்கி வந்து டிரம்ஸுக்கு எதிரே வைத்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றான்.

“தம்பி, இந்தப் பக்கம் திரும்புப்பா!” என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார்.

“முடியாதுங்க,” என்றான் மைக்கில், அவள் கையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்கக்கா ஆரம்பிக்கணும்.”