பெட்ரோல் கியூவில் என் முறை

பெட்ரோல் இல்லாமல் நாள்கணக்கில் நிற்கும் ஆட்டோவுக்குள் ஒரு வாடை இருக்கும். நனைந்த ரெக்சின் சீட், யாரோ மறந்துவிட்டுப் போன சோத்துப் பார்சல், மாதா படத்தில் காய்ந்துபோன பூ... இன்றைக்கும் எந்த ஆட்டோவில் ஏறினாலும் என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

நாட்டில் எதற்கெடுத்தாலும் கியூ நின்ற வருஷம் அது. ஹட்டன் டவுனில் நான் வேலை செய்த புடவைக்கடையைப் பாதி நாள் திறக்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் கையிலும் காசு இல்லை. நேரம் மட்டும் வேண்டிய மட்டும் இருந்தது.

அதை வைத்துத்தான் கொடுக்கல் வாங்கல் நடந்தது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் கால் மிஷின் இருந்தது. கரண்ட் இல்லாவிட்டாலும் ஓடும். அவர் எல்லோருக்கும் தைத்துக் கொடுப்பார். கோடி வீட்டு ஆரோக்கியம் அண்ணன் பீலி ஊற்றிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் சுமப்பார். பதிலுக்கு நாங்கள் முறை வைத்து டவுனுக்கு இறங்கி, பெட்ரோல் செட் கியூவில் நின்ற அவருடைய ஆட்டோவில் உட்கார்ந்திருப்போம். ஆள் இல்லாவிட்டால் வண்டியை ஓரம் தள்ளிவிடுவார்கள்.

"ஒரு மணித்தியாலம் தைக்கிறதும் ஒரு மணித்தியாலம் ஒக்காந்திருக்கிறதும் ஒன்னுதான்." இது செல்வி அக்கா போட்ட சட்டம்.

"நீங்க வந்து ஒக்காந்து பாருங்கக்கா, அப்ப தெரியும்" என்பேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. இறங்குவேன், டயரை உதைப்பேன், முன்னால் போய்ப் பம்பை எட்டிப் பார்ப்பேன், திரும்பி வந்து ஏறுவேன். கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ என்று அம்மா சும்மா சொல்லவில்லை.

ஆனாலும் என் முறையை ஒருநாளும் விட்டதில்லை. செல்வி அக்காவுக்கு அப்போது நிறைமாதம். புருஷன் கட்டாரில். அம்புலன்ஸ் வரும் என்று நம்பி இருக்க முடியாது, தோட்டத்து லொறிக்கும் டீசல் இல்லை. அந்த ஆட்டோவுக்குப் பெட்ரோல் கிடைத்தால்தான் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்.

ஒருநாள் என் முறையில் பெட்ரோல் பவுசர் வந்தே விட்டது. பின்னால் நின்றவர்கள் தள்ள, நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பம்பு வரைக்கும் போனேன். அளந்துதான் கொடுத்தார்கள். அதுவே எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வண்டியை வெளியே தள்ளி நிறுத்தியபோது அம்மாவின் போன் கோல் வந்தது.

"செல்விக்கு வலி எடுத்துருச்சுடி. ஆட்டோ என்னாச்சு?"

"பெட்ரோல் அடிச்சாச்சும்மா. அண்ணன ஒடனே எறங்கி வரச் சொல்லுங்க."

"பீலிக்குப் போனவரு இன்னும் வரல. போன் வீட்டுலதான் கெடக்கு. அவரு வந்து, டவுனுக்கு நடந்து... அதுவரைக்கும் இவ தாங்கமாட்டா."

எனக்கு ஆட்டோ ஓட்டத் தெரியாது. வண்டி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, நான் பக்கத்தில் சும்மா நிற்கிறேன்... அழுகைதான் வந்தது. கியூவில் இருந்த ஆட்டோக்காரர்களிடம் ஓடினேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராத்திரி பகலாகக் காத்துக் கிடந்த இடத்தை யார்தான் விடுவார்கள்? நானும் விட்டிருக்க மாட்டேன்.

பக்கத்து பைக் வரிசையில் நின்ற ஒரு சிங்களவர், நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "மொகத நங்கி?" என்று கேட்டார். என்ன தங்கச்சி என்று கேட்டதும், தெரிந்த சிங்களத்தை எல்லாம் கொட்டினேன். அவர் பம்பைப் பார்த்தார். தன் பைக்கைப் பார்த்தார்.

"மகே பைக் எக பலாகன்ன." என் பைக்கைப் பார்த்துக்கொள் என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு, ஆட்டோவில் ஏறினார். நான் வழி சொல்லச் சொல்லவே வண்டி கிளம்பிவிட்டது.

மறுபடியும் கியூ. இந்த முறை யாரென்றே தெரியாத ஒருவருக்காக. மழை வேறு. அம்மாவின் போன் வேலை செய்யவில்லை. அக்கா உயிரோடு இருக்கிறாரா என்ற நினைப்பு வரும்போதெல்லாம் பைக்கை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். எனக்கு முன்னால் சில பைக்குகளே இருந்தபோது, பெட்ரோல் முடிந்தது என்று கயிற்றைக் கட்டிவிட்டார்கள்.

பொழுது சாயும் நேரம் ஆட்டோ வந்தது. ஆரோக்கியம் அண்ணன் ஓட்ட, அந்தச் சிங்களவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போதே சிரித்தார். "துவெக்" என்றார். மகள்.

பெட்ரோல் கிடைக்கவில்லை என்று நான் கயிற்றைக் காட்டினேன். அண்ணன்தான் ஒரு ட்யூபை எடுத்து, தன் டேங்கிலிருந்து கொஞ்சம் தருவதாகச் சொன்னார். பைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாமா என்று சிங்களத்தில் அதட்டிவிட்டு, பைக்கின் மேல் சாய்ந்து நின்றார்.

விடிந்ததும் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, அவருக்குப் பதிலாக நிற்கலாம் என்று இறங்கினேன். அதற்குள் பவுசர் வந்து போயிருந்தது. அவரும் போய்விட்டார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது கொழும்பில் இருக்கிறேன். ஸ்கூட்டி ஓட்டுகிறேன். ஆரோக்கியம் அண்ணன் பழக்கிவிட்டதுதான், அவர் மகளுக்கு நான் இங்கிலிஷ் சொல்லிக்கொடுத்ததற்குப் பதிலாக. பெட்ரோல் அடித்து முடிக்க ஒரு பாட்டு நேரம்கூட ஆவதில்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. ஆனால் செட்டுக்குள் நுழைந்தால் கண் மட்டும் ஒவ்வொரு பைக்காரர் முகமாகத் தேடும்.

செல்வி அக்கா அந்த வருஷமே அவருக்கு ஒரு சட்டை தைத்துவிட்டார். ஆஸ்பத்திரி போகும் வழியில் அக்கா பார்த்ததெல்லாம் அவர் முதுகை மட்டும்தான். மிச்ச அளவு நான் குத்துமதிப்பாகச் சொன்னது. சட்டை இன்னும் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, அக்கா அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"இத்தன வருஷத்துல கொஞ்சம் ஒடம்பு போட்டிருப்பாரு" என்றார் அக்கா, தலை நிமிராமல்.