சிவப்புப் பூவாக வந்த பதில்

பூங்கொடியின் செவலை ஆட்டுக்கு உதட்டைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பியிருந்தது. மூக்கு ஒழுகியது. காதைத் தொட்டால் சுட்டது. வாலைத் தூக்கிப் பார்த்தேன். அங்கேயும் கொப்புளம். ஆட்டம்மை. போன வருடம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மதியம் அது. அன்றைக்கும் மறுநாளும் அம்மன் எனக்குச் செய்ததை, அவளை நம்பி வாழ்கிற உங்களிடம் சொல்லாமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கௌசல்யா. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். நாமக்கல்லில், கோழிப்பண்ணைகளின் மின்விசிறி, தீவனம், தண்ணீர் எல்லாவற்றையும் தானாக இயக்கும் கன்ட்ரோல் பேனல் செய்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எதையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்தால்தான் எனக்கு மனம் நிற்கும். சாமி கும்பிடுவதும் அப்படியே. அம்மாவின் முழங்கால் வலி, தம்பியின் வேலை, என் பதவி உயர்வு என்று வரிசை முடிந்த பிறகுதான் திருநீறு எடுப்பேன்.

விடுமுறை நாட்களில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஊர்களுக்குப் போய்வருகிறேன். பல நாடுகளில் வறுமையைக் குறைக்க வேலை செய்கிற அமைப்பு அது. சேலத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. ராசிபுரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூரில், நிலம் இல்லாமல் தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்களுக்கு ஆளுக்கு மூன்று வெள்ளாடு கொடுத்திருந்தார்கள். கொட்டகை ஈரமில்லாமல் இருக்கிறதா, ஆடு எடை ஏறுகிறதா என்று பார்த்து வருவது என்னைப் போன்ற உள்ளூர்த் தன்னார்வலர்களின் வேலை.

அந்தப் பெண்களில் ஒருத்திதான் பூங்கொடி. கணவர் லாரி டிரைவர். விபத்தில் போய்விட்டார். இரண்டு பெண் குழந்தைகள். ஒவ்வொரு தைப் பொங்கலுக்குப் பிறகும் செங்கல் சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு சூளைக்குப் போய்விடுவார். மழைக்காலம் வரைக்கும் அங்கேயே வாசம். குழந்தைகளுக்குப் பாதிப் படிப்பு அங்கேயே கரைந்துவிடும். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு வந்திருந்தாள். “இந்த ஆட்டை நம்புங்க, சூளைக்கு இனிப் போக வேண்டாம்” என்று பூங்கொடியிடம் சொன்னவள் நான். ஆடு செத்தால் அவருக்குச் சூளையைத் தவிர வேறு வழி கிடையாது.

சேலம் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒருங்கிணைப்பாளர் பதற்றப்படாமல் கேட்டுக்கொண்டார். “காலையில கால்நடை டாக்டரை அனுப்பி வைக்கிறேங்க. ஊர்ல இருக்கற ஆட்டுக்கெல்லாம் ஊசி போட்டுட்டாப் பரவாது. நீங்க எல்லாரையும் ஒத்துக்க வெச்சிருங்க” என்றார்.

ஒத்துக்கொள்ள வைப்பது. அதுதான் நடக்கவில்லை.

பூங்கொடி செவலைக்கு மஞ்சள் பூசிக் கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தார். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். இன்னும் நான்கைந்து வீடுகளில் ஆடுகளுக்குக் கொப்புளம் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு ராசம்மாக்கா முன்னால் வந்து நின்றார். அவர் எங்கள் திட்டத்தில் இல்லை. சொந்தமாக ஆடு வைத்திருப்பவர். ஒவ்வொரு வருடமும் அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர். ஊரில் அவர் பேச்சுக்கு எடை உண்டு.

“ஏனம்மணி, அம்மை கண்ட ஊட்டுல ஊசி போடுவாங்களா? உங்க ஊட்டுல போடுவீங்களா?”

என் தம்பிக்கு அம்மை போட்டபோது எங்கள் வாசலிலும் வேப்பிலைதான் தொங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை டாக்டர் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

“இது ஆட்டுக்கு வர்ற வைரஸ்ங்க்கா” என்றேன்.

“வைரசு வரட்டும், போகட்டும். மாரியம்மன் நோம்பி சாட்டி ஒரு வாரங்கூட ஆகல. ஆத்தா ஊருக்குள்ள நடமாடற நேரம். இப்பப் போய் ஊசியத் தூக்கிட்டு வந்தா, அவளையே குத்தற மாதிரி ஆயிப்போயிரும்.”

பூங்கொடி மெதுவாகச் சொன்னார். “வெளிநாட்டுக்காரங்க குடுத்த ஆடுங்க்கா. ஏதாச்சும் ஆனா அவிங்க கேப்பாங்கல்ல.”

“ஆத்தாளுக்கு உள்நாடு ஏது, வெளிநாடு ஏது? எல்லா ஆடும் அவளுக்கு மே மேன்னுதான் கத்துது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில் எனக்கு ஒரு வழி தோன்றியது. “அப்ப ஆத்தாகிட்டயே பூ கேட்டுப் பாப்பமுங்களா?” என்றேன்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் பூ கேட்காமல் செய்ய மாட்டோம். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரித் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். மனதில் உள்ளதைக் கேட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

அன்று மாலையே மாரியம்மன் கோவிலில் கூடினோம். பூசாரி பொட்டலங்களை வைத்தார். கேள்வியை நான்தான் கேட்டேன். தெளிவாக, சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்: “தாயே, இந்த ஊரில் இருக்கிற எல்லா ஆட்டுக்கும் ஊசி போடலாமா?” வெள்ளைதான் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல காரியம், நல்ல நோக்கம். அம்மன் ஏன் மறுக்கப் போகிறாள்?

பூங்கொடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

ராசம்மாக்காவின் முகத்தில் ஜெயித்த களை துளியும் இல்லை. “கேட்டோம், சொல்லிப்போட்டா. அம்மை கண்ட ஆடெல்லாம் இனி ஆத்தாளுது. மத்த ஆட்டோட கட்டாதீங்க, தீட்டாயிரும். கோவிலுக்குப் பின்னால சாவடியில கட்டி வேப்பிலை போடுங்க” என்று மட்டும் சொன்னார். பெண்கள் கலைந்து போனார்கள். பூங்கொடி அந்தப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்க்காமலே போனார்.

எனக்கு அம்மன் மேல் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. கேட்டது ஒரு நல்ல காரியம். அதற்கா மறுப்பு? திட்டத்தின் விதி இது, ஊசி போட்டே ஆக வேண்டும் என்று நான் அதிகாரமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சாமியிடம் கேட்டுவிட்டு அவள் சொன்னதை மீறினால் அந்தப் பெண்கள் என்னையும் நம்ப மாட்டார்கள், எனக்குப் பின்னால் வருகிற எவரையும் நம்ப மாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

பூசாரி கம்பிக்கதவைச் சாத்த வந்தார். “மழை வர்றதுக்குள்ள கெளம்புங்க சாமி” என்றார். “ஒரு நிமிசமுங்க” என்று நின்றேன். வழக்கமாகச் சொல்லும் வரிசை எதுவும் வாயில் வரவில்லை. அம்மாவின் முழங்கால் நினைவில்லை, என் வேலை நினைவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன். “தாயே, பூங்கொடி சூளைக்குப் போகக் கூடாது. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நீ பார்.” அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. பூசாரி பார்க்காதது போலப் பிரகாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அழுது முடித்தபோது கோபம் போயிருந்தது. பதில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை டாக்டர் ஊருக்குள் வருவதற்கு முன்பே அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஊர் முனையில் போய் நின்றேன். பைக்கின் பின்னால் ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“மன்னிச்சுக்கங்க சார். ஊர்ல ஒத்துக்கல. சாமிகிட்டப் பூ கேட்டோம். வேண்டாம்னு வந்துருச்சு.”

அவர் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார். “என்னன்னு கேட்டீங்க?”

“எல்லா ஆட்டுக்கும் ஊசி போடலாமான்னு.”

“எல்லாத்துக்குமா? அதெப்படிங்க போடறது? கொப்புளம் போட்டதுக்கும் காய்ச்சல் கண்டதுக்கும் இந்த ஊசி கூடாதுங்க. இது வராமத் தடுக்கற ஊசி. நல்லா இருக்கற ஆட்டுக்கு மட்டுந்தான் போடோணும். உங்க சாமி சரியாத்தானே சொல்லியிருக்குது?”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் கேட்டது தவறான கேள்வி. தவறான கேள்விக்கு அவள் ‘கூடாது’ என்று சரியான பதிலைத் தந்திருக்கிறாள். நான் அவள்மேல் கோபித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

டாக்டர் என்னோடு ஊருக்குள் வந்து, கோவிலுக்குப் பின்னால் இருந்த சாவடியைப் பார்த்தார். அம்மை கண்ட ஆடுகள் வேப்பிலையோடு அங்கே தனியாக நின்றன. “யாருங்க இதையெல்லாம் பிரிச்சுக் கட்டுனது?”

குடத்தோடு வந்த ராசம்மாக்கா, “நாந்தான் கட்டச் சொன்னேன். தப்புங்களா?” என்றார்.

“தப்பா? ராத்திரி பூராவும் ஒண்ணாக் கெடந்திருந்தா, மத்ததும் மூஞ்சியோட மூஞ்சி வெச்சு இன்னேரம் வாங்கியிருக்கும். நான் வந்து முதல்ல செய்யற வேலையே அதுதாங்க.”

“வேப்பிலையும் மஞ்சளும்?”

“அதை நிறுத்தாதீங்க. அரைச்சுப் புண்ணு மேல தடவுங்க. கூட நான் குடுக்கற மருந்தையும் வாயில ஊத்துங்க.”

ராசம்மாக்கா குடத்தை இறக்கி வைத்தார். எங்களைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். “நேத்து ஆத்தா சொன்னதத்தான் இவரு இன்னைக்குப் பொட்டியக் கட்டிக்கிட்டு வந்து சொல்றாரு. சரி, இப்பக் கேள்வி மாறிப்போச்சு. மறுக்காக் கேக்கோணும். இந்தத் தடவ பூ நான் எடுக்கறேன்.”

“சீக்கிரமுங்க்கா” என்றார் டாக்டர். “பொட்டியில ஐஸ் இருக்கற வரைக்குந்தான் எனக்கு மரியாதை.”

மறுபடி கோவில். மறுபடி இரண்டு பொட்டலம். இந்த முறை நான் மெதுவாகக் கேட்டேன். “தாயே, அம்மை காணாத ஆடுகளுக்கு மட்டும் ஊசி போட்டுக் காப்பாற்றலாமா?” ராசம்மாக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பிரிக்கும்போதும் கண்ணைத் திறக்கவில்லை. “என்ன நெறம், சொல்லுங்கடி” என்றார்.

வெள்ளை.

குலவைச் சத்தம் ஊர் முனை வரை கேட்டிருக்கும். டாக்டர் கொப்புளமே இல்லாத கொட்டகைகளில் தொடங்கினார். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஊசி மாற்றினார். நாங்கள் கழுத்தைப் பிடித்துக்கொடுத்தோம். “நோய் ஏற்கெனவே உள்ள பூந்திருந்தா ஊசி போட்டும் ஒண்ணு ரெண்டுக்கு வரலாம். அப்பறம் என்னையும் சாமியையும் திட்டக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

உண்மையை முழுதாகச் சொல்கிறேன். எல்லா ஆடும் பிழைக்கவில்லை. ஏற்கெனவே அம்மை கண்டவற்றில் சில போய்விட்டன. ராசம்மாக்காவின் இரண்டு குட்டிகளும் அதில் அடக்கம். ஊசி போட்ட பிறகும் ஓரிரு ஆடுகளுக்குக் கொப்புளம் வந்தது, லேசாக வந்து ஆறியது. பூங்கொடியின் செவலைக்குச் சினை கலைந்தது. முகத்தில் தழும்போடு பிழைத்துக்கொண்டது. மற்ற இரண்டு ஆடுகளை அம்மை தொடவில்லை.

பொங்கல் முடிந்ததும் சூளை மேஸ்திரி முன்பணத்தோடு பூங்கொடியின் வீட்டுக்கு வந்தார். நான் அன்று ஆட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். “இந்த வருசம் வரலீங்க. சினை ஆடு ரெண்டு நிக்குது. பாப்பா பத்தாவதுக்குப் போறா” என்றார் பூங்கொடி. “ஆட்ட நம்பி ஊட்டுல உக்காந்தா ஆவுமா?” என்று கேட்டார் மேஸ்திரி. “ஆவுமுங்க” என்றார் பூங்கொடி. அவ்வளவுதான் பேச்சு. மேஸ்திரி அடுத்த வீட்டைப் பார்த்துப் போனார். என் கையில் தராசு ஆடிக்கொண்டிருந்தது. எண் என்ன என்று படிக்க முடியாமல் கண்ணீர் மறைத்தது.

என்னோடு வேலை செய்கிற தோழி ஒருத்தி, “முதல் நாளே டாக்டர்கிட்ட நேராப் பேசியிருந்தா இதே பதில் கெடச்சிருக்குமே?” என்றாள். கிடைத்திருக்கும். ஆனால் நான் பேசவில்லை. எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலை வெள்ளைப் பூ வந்திருந்தால் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன். ஒரு ஆட்டையும் யாரும் பிரித்துக் கட்டியிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாத, டாக்டர் வந்து சொல்ல வேண்டியிருந்த அந்த வேலை, சிவப்புப் பூவால் முந்தின நாளே நடந்தது. என் வேலையில் மீட்டர் பூஜ்யம் காட்டினால் மீட்டரைத் திட்ட மாட்டோம். மீட்டரின் முனைகளை எங்கே வைத்தோம் என்று பார்ப்போம். சாமியிடம் மட்டும் அந்தப் பொறுமை எனக்கு இல்லாமல் இருந்தது. இப்போதும் வரிசையாகத்தான் வேண்டிக்கொள்கிறேன். கடைசியில், “நான் கேட்டதில் பிழை இருந்தால் திருத்திக் கொடு” என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்.

நீங்களும் ஏதோ ஒன்றுக்காகக் கேட்டு, மறுப்பு வந்து, மனம் உடைந்து இருக்கலாம். அவளை விட்டு விலகிவிடாதீர்கள். மறுபடி போய் நில்லுங்கள். அழ வேண்டுமானால் அழுங்கள். விவரம் தெரிந்தவர்களிடமும் கேளுங்கள், அவள் அவர்கள் வழியாகவும் பேசுகிறாள். அப்படியே, ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் எங்களோடும் வாருங்கள். பக்கத்து ஊர்களில் ஊசி போடுகிற வேலை நடக்கிறது, கழுத்தைப் பிடிக்க ஆள் போதவில்லை. பழைய துணி உடுத்திக்கொண்டு வாருங்கள். ஆடு உதைக்கும். மற்றதை ஆத்தா பார்த்துக்கொள்வாள்.