பச்சை நாட்களில் மாத்திரை இல்லை

என் அக்கா புருஷனை நினைத்தாலே எனக்குக் குமட்டும். கட்டட வேலையில் உயரமான கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏறினால் மதியம்தான் இறங்குவார். மேலே கழிப்பறை ஏது? ஒரு பிளாஸ்டிக் பாட்டில்தான். அதையும் வீட்டுக்குத் தூக்கி வந்து, அக்கா பாத்திரம் தேய்க்கிற இடத்திலேயே கழுவிக் கவிழ்ப்பார். வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

ஐந்து வருடமாக ரத்தக் கொதிப்பு. மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் முட்டும், அதனால் மாத்திரை என்றாலே அவருக்கு வேப்பங்காய். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற நான்தான் மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுத்து, போட்டாரா இல்லையா என்று நச்சரிப்பேன்.

இதில் என் வாய்க்கொழுப்பு வேறு. ஒருநாள் சாப்பிடும்போது, எங்கோ படித்ததை அவரிடம் அளந்துவிட்டேன். சூரியன் சீறுகிற நாட்களில் பூமியின் காந்தப்புலம் கலங்குமாம். அப்போது சிலருக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறலாமாம். இது இன்னும் உறுதியாகவில்லை, ஏறினாலும் சொற்பம்தான் என்றும் அதில் எழுதியிருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சில் சுவை போய்விடுமே.

மனிதர் கப்பென்று பிடித்துக்கொண்டார். மறுநாளே காந்தப் புயலை முன்கூட்டிச் சொல்லும் செயலி ஒன்று அவர் போனில் ஏறிவிட்டது. சிவப்பு காட்டினால் மாத்திரை, பச்சை என்றால் இல்லை. இரண்டு மாதம் கழித்து, தீர்ந்திருக்க வேண்டிய அட்டைகள் அலமாரியில் பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"மழை வந்தாதானே குடை? தினமும் எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே.

"மாமா, உங்க பிரஷர் தினமும் இருக்கறது. அது ஏதோ ஒரு ஆராய்ச்சி. பேசாம மாத்திரையைப் போடுங்க."

"நீ சொன்னதுதானே? இப்ப நீயே மாத்திப் பேசற."

குத்திய குச்சியைச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்திலேயே வைத்தார். அருவருப்பில் எழுந்து போய்விட்டேன். அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், ஆரம்பித்து வைத்தது யார் என்ற கேள்வி வரும்.

அடுத்த வாரம், பச்சை காட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, கிரேன் அறையிலேயே சரிந்தார். நாலு பேர் கயிறு கட்டி இறக்கினார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரையை ஏன் விட்டாருன்னு டாக்டர் கேக்கறாரு. பூமி, காந்தம்னு என்னமோ ஒளறிட்டே இருப்பாரு. எவனோ ஒரு வெட்டிப்பய இவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கான்டி."

"ஆமாக்கா, எவனோ" என்றேன்.