ஆறாவது குழி

கொத்தனாரின் மனைவி போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. முப்பது வருடம் அவர் கலவை போட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றியது அவள்தான். மணலையும் ஜல்லியையும் யார் வேண்டுமானாலும் கொட்டலாம். தண்ணீர் வாளியை மட்டும் வேறு கை தொடக் கூடாது. அவர்கள் கூட்டத்தில் அது எழுதாத சட்டம். "ரெண்டு பேர் உப்புப் போட்டா எவன் வாயில வைப்பான்?" என்பாள்.

மகள் வீடு கட்டத் தொடங்கியபோது, "அஸ்திவாரத்துக்கு லாரியில வர்ற ரெடிமிக்ஸ் கலவையே சொல்லிடலாமா மாமா?" என்று மருமகன் இழுத்தார்.

"சொல்லிடுங்க மாப்ள" என்றார், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

லாரி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. தூண்களுக்கான ஆறு குழிகளையும் அங்குலம் பிசகாமல் அளந்திருந்த கொத்தனார் சந்தின் அகலத்தை அளக்க மறந்திருந்தார். வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. வெட்கம்தான் வரவில்லை.

சட்டி சட்டியாகச் சுமந்தார்கள். ஐந்து குழி நிறைவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மிச்சக் கலவை இறுகி, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"நாலு வாளி தண்ணிய உள்ள விட்டா எண்ணெயா வழுக்கிட்டு வரும் அண்ணே. எல்லா எடத்துலயும் இதான்" என்றார் லாரிக்காரர்.

"விட்டா ஒண்ணும் ஆகாதே மாமா?"

"இன்னைக்கு ஆகாது."

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தலையாட்டினால் அரை மணியில் வேலை முடியும். தலை ஆடவே தொடங்கிவிட்டது.

மகள் தலைச்சும்மாட்டைச் சரிசெய்தபடி, "அந்த ஆறாவது குழி மூலைக்கு மேலதான் நாங்க படுக்கப்போறோம்பா" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

"மிச்சத்தை எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. இதைக் கையால போட்டுக்கிறோம்" என்றார் கொத்தனார்.

"நல்லாயிருக்கு! வண்டியத் திருப்பி அனுப்பிட்டு நடந்துபோற கதை" என்று முணுமுணுத்துக்கொண்டே லாரிக்காரர் வண்டியை எடுத்தார்.

சிமெண்டு, மணல், ஜல்லி எல்லாம் புரட்டிக் குவித்து, நடுவில் பள்ளம் பறித்தாயிற்று. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். யாரும் அதை எடுக்கவில்லை. ஆளாளுக்கு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அவரும் நின்றார். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று புரியவே சற்று நேரம் பிடித்தது.

குனிந்து வாளியை எடுத்தார். கொஞ்சம் ஊற்றினார், புரட்டச் சொன்னார், மறுபடி ஊற்றினார். ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டு விரல்களை விரித்தார். உருண்டை ஓரத்தில் லேசாக உதிர்ந்தது.

"சரியா இருக்காப்பா?"

"உங்கம்மா பார்த்தா இன்னும் கொஞ்சம்னு சொல்லுவா" என்றார். மூன்று மாதத்தில் அவளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

அரைக் குவளை சேர்த்தார். பிறகு வாளியைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டார்.