மாற்றிக்கொண்ட மாத்திரை

இந்தோனேசியாவின் சோலோ நகரில், எங்கள் தெருவில் டெம்பே என்னும் சோயாக் கட்டி விற்கும் சுமார்னி அக்காவுக்கு முட்டிவலி. தொழும்போது நெற்றி தரையில் பட வேண்டும் என்பதே அவர் ஆசை.

ஆஸ்பத்திரியில் முட்டிவலிக்கான புது மருந்தைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மாவு மாத்திரை. யாருக்கு எதுவென்று நர்ஸுக்கும் தெரியாது. அக்காவும், அதே வலியுள்ள பக்கத்து வீட்டு எண்டாங்கும் அதில் சேர்ந்தார்கள். சீக்கிரமே எண்டாங் தரையில் நெற்றி வைத்துத் தொழுதாள். நாற்காலியில் தொழுத அக்காவுக்கு வயிறு எரிந்தது.

"உனக்குத்தான்டி அசல் மருந்து. டப்பாவ மாத்திக்குவோம்."

"எடுத்துக்கோங்கக்கா. முட்டியையும் கழட்டித் தரவா?"

மாற்றியும் அக்காவின் முட்டி மடங்கவில்லை. ஆய்வு முடிந்ததும் டாக்டர் சொன்னார்: எண்டாங்குக்குக் கொடுத்தது மாவு, அக்காவுக்குக் கொடுத்ததுதான் மருந்து.

அக்கா எண்டாங்கை முறைத்தார்.

"வெறும் மாவுக்கே உனக்கு மடங்குச்சாடி?"

அல்லா அவருக்கும் குணம் தரட்டும். எண்டாங்கோடு இன்னும் பேச்சில்லை.