படையலில் ஒரு மலாய்ச் சோறு

சென்ற ஞாயிறு என் மனைவிக்கு மாதப் படையல். இறந்தவர் விரும்பி உண்டதைச் சமைத்து இலையில் வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். "அண்ணிக்கு என்னண்ணே ரொம்பப் பிடிக்கும்?" என்று, அடுத்த தெருவிலிருந்து சமைக்க வந்த தங்கை கேட்டாள்.

"நாசி லெமாக்."

"அந்த மலாய்க்காரங்க சோறா? வர்ற நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"படையல் நாலு பேருக்கா?"

வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். என் மனைவி மலேசியாவில், ஈப்போ நகரில் பிறந்தவர். மணமாகிச் சென்னை மந்தைவெளிக்கு வந்தவர். மலாய் மொழியில் நாசி என்றால் சோறு; லெமாக் என்றால் கொழுப்பு, செழுமை. தேங்காய்ப்பாலில் உப்பிட்டு வேகவைத்த சோறு. பக்கத்தில் பொரித்த நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, மிளகாய் அரைத்து வதக்கிய சம்பால்.

வயலுக்குப் போகுமுன் மலாய் உழவர்கள் உண்ட காலை உணவு என்பார்கள். நெல்லும் தென்னையும் கடலும் கைக்கெட்டும் மண்ணில் வேறென்ன பிறக்கும்? ஒரு பெண் கைதவறிப் பானையில் தேங்காய்ப்பாலைக் கொட்டிவிட்டாள் என்ற கதையும் உண்டு... நல்லது எதுவும் யோசித்துச் செய்யப்பட்டது என்று ஒப்புக்கொள்ள உலகத்துக்கு மனம் வருவதில்லை. பின்னர் அது வாழையிலைப் பொட்டலமாகி எல்லோருக்கும் பொதுவாயிற்று. பள்ளி வாசலில் மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் தாமும் ஒரே கூடைக்காரியிடம் வாங்கித் தின்றதை என் மனைவி அடிக்கடி சொல்வார்.

நெத்திலி வாங்க நானே போனேன். என் மனைவி வழக்கமாக வாங்கும் மீன்காரம்மாள் மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, பாத்துக்கினே நிக்கிறே? கருவாடு இன்னா கல்யாணப் பொண்ணா? ஆமா, அம்மா எங்கே, நீ வந்துகீறே?"

"அம்மாவுக்குத்தான். படையலுக்கு."

கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டார். பொடி நெத்திலியாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

வீடு திரும்பியபோது தங்கை சோற்றை இறக்கிவைத்திருந்தாள். தேங்காய்ப்பாலில்தான் வெந்திருந்தது. ஏலக்காய் மணந்தது. வெல்லமும் போட்டிருந்தாள்!

"தேங்காய்ப்பால்னா இனிப்புத்தானேண்ணே?"

இந்த ஊரில் அப்படித்தான். அவளை எப்படிக் கோபித்துக்கொள்வது? மிச்சத் தேங்காயைத் துருவிப் பிழிந்து, நானே மறுபடி உலை வைத்தேன். மணத்துக்கு அதில் போட வேண்டிய பாண்டான் இலை இங்கே கிடைக்காது. அதற்குப் பதிலாக என் மனைவி வேறு ஏதோ ஓர் இலையைப் போடுவார். அது என்னவென்று எனக்குத் தெரியாது.

படைத்தோம். காகம் வந்து தின்றது. அதன் பிறகு நாங்கள் உட்கார்ந்தோம்.

முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது — ஏதோ குறைகிறது. எது? உப்பா, பாலா, அந்தப் பெயர் தெரியாத இலையா? இந்தத் தெருவில், அநேகமாக இந்தப் பட்டணத்தில், அதைச் சொல்லக்கூடிய நாக்கு ஒன்றுதான் இருந்தது. ருசி சரியா என்று கேட்க ஆளில்லாமல் போவதும் ஒருவகைச் சாவுதான்.

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து, சம்பாலோடு பிசைந்து, வாயில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி செஞ்ச மாதிரியே இருக்குண்ணே."

நான் தலையசைத்தேன். அண்ணி செய்த அந்தச் சோற்றை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.